ஒரு மாதம், ஊர் முழுக்கப் படங்கள்: நாகர்கோவிலில் சிதறிய கண்காட்சி எதில் நிற்கும், எதில் சரியும்

வழக்கமான ஓவியக் கண்காட்சிக்கு ஒரு மண்டபம் போதும். குத்துவிளக்கு, திறப்பு விழா, மூன்று நாள், முடிந்தது. ஒரு மாதத்தை உள்ளூர்க் கலைஞர்களுக்கென்றே ஒதுக்கி, ஊரின் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் படங்களை மாட்டுவது வேறு வகை வேலை. நூலகம், பள்ளி வராந்தா, ஆலய மண்டபம், ஓட்டல் வரவேற்பறை, துணிக்கடை, டீக்கடை என்று எங்கெல்லாம் சுவர் கிடைக்கிறதோ அங்கெல்லாம் படம் போகும். இதைத் திட்டமிடுகிறவர்கள் படத் தேர்வில் பாதிக் காலத்தைச் செலவழித்துவிட்டு, கட்டடத்தைக் கடைசி வாரத்தில்தான் பார்க்கப் போவார்கள். சரிவு அங்கேதான் தொடங்குகிறது. சிதறிய கண்காட்சியில் முதலில் தேர்வு செய்ய வேண்டியது சுவரை. படம் அதற்குப் பிறகுதான்.

எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இதற்குப் பெரிய முன்மாதிரிகள் உண்டு. ஈராண்டுக் கலைக் கண்காட்சியான கொச்சி முசிறிஸ் பினாலே 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. ஃபோர்ட் கொச்சியின் ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற பழைய வணிகக் கட்டடங்களும் கிடங்குகளும்தான் அதன் காட்சிக்கூடங்கள். 2021இல் அதை நடத்தும் அறக்கட்டளை ஆலப்புழையில் பழைய கயிறு நிறுவனக் கட்டடங்களை எடுத்துக்கொண்டு, 267 மலையாளக் கலைஞர்களின் வேலைகளை ‘லோகமே தறவாடு’ என்ற பெயரில் வைத்தது. உள்ளூர்க் கலைஞர்கள், ஊரில் சும்மா கிடந்த கட்டடங்கள், வாரக்கணக்கில் காட்சி என்று பார்த்தால் நாம் பேசுவதற்கு மிக நெருங்கிய உதாரணம் அதுதான். ஆனால் பணமும் ஆளும் நிறைய உள்ள கொச்சிக்கே ஏற்பாடு காலை வாரியிருக்கிறது. 2022 டிசம்பர் 12இல் திறக்க வேண்டிய பினாலேவின் முதன்மைக் கண்காட்சி டிசம்பர் 23க்குத் தள்ளிப்போனது. மழை, பொருள்கள் வந்து சேர்வதில் தாமதம், ஏற்பாட்டுச் சிக்கல்கள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. விருந்தினர்கள் ஊருக்கு வந்து இறங்கிய பிறகு வந்த அறிவிப்பு அது.

நாகர்கோவிலுக்கு அந்த அளவு தேவையில்லை. 2019இல் மாநகராட்சியான ஊர். மணிக்கூண்டு நிற்கும் மணிமேடையை நடுவில் வைத்தால் மீனாட்சிபுரம், வடசேரி, கோட்டாறு எல்லாம் கைக்கெட்டும் தூரம். இந்த அளவுதான் இதற்கு வசதி. பார்க்க வருகிறவர் ஒரு மாலையில் நான்கு இடங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

எந்த மாதம்

முதலில் எல்லோரும் சொல்லும் யோசனை நவம்பர். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தன. மாவட்டம் பிறந்த மாதத்தில் மாவட்டத்துக் கலைஞர்களைக் கொண்டாடலாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். வேண்டாம். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. ஒக்கி புயல் இந்த மாவட்டத்தை உலுக்கியது 2017 நவம்பர் 30 அன்று. புயல் வராவிட்டாலும், நவம்பர் காற்றில் காகிதத்தில் வரைந்த படம் பத்து நாளில் அப்பளம்போல் நெளிந்துவிடும்.

டிசம்பர் முதல் வாரம் கோட்டாறு சவேரியார் திருவிழா, பிறகு கிறிஸ்துமஸ், மார்கழித் திருவிழாவுக்குச் சுசீந்திரம். மண்டபம் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. மாசியில் மண்டைக்காட்டுக் கொடை; மார்ச்சில் பொதுத்தேர்வு, பள்ளிகள் கதவைச் சாத்திவிடும். மிஞ்சுவது தை. பொங்கல் முடிந்த வாரம் தொடங்கிப் பிப்ரவரி நடுப்பகுதி வரை மழை குறைவு, பள்ளி நடக்கிறது, வெளியூரில் வேலை பார்ப்பவர்களில் சிலர் பொங்கலுக்கு வந்து தங்கியிருப்பார்கள். நாகராஜா கோயில் தைத் திருவிழா இதற்குள் வரும். அந்த நாள்களில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் லோடு ஆட்டோ நுழையாது என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். மற்றபடி திருவிழாக் கூட்டம் கண்காட்சிக்கு லாபம்தான்.

யார் உள்ளூர்

இங்கே ‘உள்ளூர்’ என்ற சொல்லை வைத்துச் சண்டை வரும், அதை முன்கூட்டியே தீர்த்துவிடுவது நல்லது. தமிழக எல்லையிலுள்ள களியக்காவிளையில் இருப்பவர் உள்ளூர். சில கிலோமீட்டர் தள்ளி, கேரளத்துப் பாறசாலையில் இருப்பவர் வெளியூரா? 1956 வரை விளவங்கோடும், பாறசாலை உள்ள நெய்யாற்றின்கரையும் ஒரே மாநிலத்தின் பக்கத்துத் தாலுகாக்கள். பாறசாலையில் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு, இந்தப் பக்கம் விளவங்கோட்டில் மலையாளம் பேசும் குடும்பங்கள் உண்டு. ஓவியம் படித்தவர்களையும் மாநிலம் பார்த்துப் பிரிக்க முடியாது. 1850இல் தொடங்கிய சென்னைக் கலைக் கல்லூரி சுமார் 700 கிலோமீட்டர்; திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரி 70 கிலோமீட்டருக்குள். எனவே மாநிலத்தை விட்டுவிட்டுத் தூரத்தை வைத்து விதி எழுதுவதுதான் நியாயம்: மணிமேடையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் பிறந்தவர், அல்லது மூன்று ஆண்டாவது வாழ்ந்தவர். ஆதார் அட்டையோடு ஒரு பத்தி எழுதிக் கொடுத்தால் போதும்.

ஓவியம் என்றால் கேன்வாஸ் என்று மட்டும் நினைத்தால் இந்த ஊரின் பாதிக் கலை வெளியே நின்றுவிடும். மயிலாடிக் கல்சிற்பிகள், வடசேரியில் கோயில் நகை செய்பவர்கள், 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் கற்றுக்கொடுத்த சரிகைப் பின்னலின் வழி வந்த லேஸ் வேலை, ஆலயங்களின் சுரூபங்களுக்கு (புனிதர் சிலைகளுக்கு) வண்ணம் தீட்டுபவர்கள், பள்ளி ஓவிய ஆசிரியர்கள், ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தூரிகையைக் கீழே வைத்த பேனர் ஆர்ட்டிஸ்டுகள். கடைசியாகச் சொன்னவர்களை ஒரு காட்சிப் பொருளாக மட்டும் நடத்தக் கூடாது. பன்னிரண்டு இடங்களுக்கும் வாசல் பலகை வேண்டும். இரண்டடிக்கு மூன்றடித் தகரப் பலகையில் எனாமல் பெயின்டால் அவர்களே எழுதட்டும், அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். ஃப்ளெக்ஸ் அடித்துத் தொங்கவிட்டுவிட்டு உள்ளே கையால் வரைந்த கலையைக் கொண்டாடுவது நன்றாக இல்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கணக்கு உண்டு. கருங்கல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.7 டன். இரண்டடி உயரச் சிலை சிறியதாகத் தெரியும். 60, 70 கிலோ எளிதாக வரும். அதை மாடியில் வைக்காதீர்கள், பிளைவுட் பெட்டிமேலும் வைக்காதீர்கள். தரைத்தளத்தில் செங்கல் அடுக்கிய பீடம், சிலைக்கும் பீடத்துக்கும் நடுவே 6 மி.மீ. ரப்பர் ஷீட். கோயில் நகையைச் சிதறிய கண்காட்சியில் வைக்க ஒரே வழி, ஏற்கெனவே பூட்டும் கேமராவும் உள்ள நகைக்கடையின் கண்ணாடிப் பெட்டியைக் கேட்டு வாங்குவது. லேஸ் வேலைக்கு எதிரி வெளிச்சம். அதைப் பின்னால் பார்ப்போம்.

சுவரைப் படிப்பது

இடம் பார்க்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: அளவு டேப், ரசமட்டம், சிறு சுத்தியல், ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் ஷீட், மாஸ்கிங் டேப்.

முதலில் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஓசை வந்தால் பூச்சு பிடித்திருக்கிறது. பொள்ளென்று கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது, அங்கே ஆணி அடித்தால் தட்டளவு பூச்சு பெயர்ந்து விழும். நாகர்கோவிலின் பழைய வீடுகளிலும் ஆலய மண்டபங்களிலும் வெட்டுக்கல்லும் (லேட்டரைட்) சுண்ணாம்புச் சாந்தும் அதிகம். வெட்டுக்கல் மென்மையானது, ஓட்டை ஓட்டையானது. சிமென்ட் சுவருக்குப் பழகிய எலக்ட்ரீஷியன் ஹேமர் டிரில்லை வைத்தால் 8 மி.மீ. துளை 12 மி.மீ. ஆகிவிடும், ராவல் பிளக் (திருகாணியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் செருகு) சுழன்றுகொண்டே இருக்கும். ஹேமரை அணைத்துவிட்டு, சாதாரணச் சுழற்சியில், மெதுவாக, குறைந்தது 60 மி.மீ. ஆழம் போக வேண்டும். கல் வெளியே தெரியும் பழைய சுவரென்றால் கல்லைத் தொடக் கூடாது. இணைப்புச் சாந்தில்தான் துளை. சாந்தைப் பிறகு பூசிவிடலாம், கல்லை ஒட்டவைக்க முடியாது.

இதைவிட நல்லது துளையே போடாமல் இருப்பது. உத்தரத்திலோ ஜன்னல் மேல்சட்டத்திலோ ஒரு இரும்புக் குழாயைக் கிடைமட்டமாகக் கட்டி, அதிலிருந்து நைலான் நரம்பிலோ மெல்லிய எஃகுக் கம்பியிலோ படங்களைத் தொங்கவிடலாம். பழைய பள்ளிக் கட்டடங்களுக்கு இது மிகப் பொருத்தம். அதுவும் முடியாத இடத்தில் தனியாக நிற்கும் பலகைகள்: 8 அடிக்கு 4 அடி, 12 மி.மீ. பிளைவுட் இரண்டைக் கீல் போட்டு ‘ட’ வடிவத்திலோ ஏணி போலவோ நிறுத்துவது. ஒரு பலகை 20 கிலோவைத் தாண்டும், தூக்க இரண்டு பேர் வேண்டும். காற்று வரும் வராந்தாவில் அடிக்கட்டையில் மணல் மூட்டை போடாமல் நிறுத்தினால் முதல் மாலையே குப்புற விழும். குமரியில் காற்றுக்குப் பஞ்சமில்லை.

அடுத்தது ஈரம். பாலிதீன் ஷீட்டைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் ஷீட்டுக்கும் சுவருக்கும் இடையில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அந்தச் சுவரை விட்டுவிட வேண்டியதுதான். ஷீட்டின் வெளிப்பக்கம் மட்டும் பனித்திருந்தால் அது காற்றின் ஈரம், சமாளிக்கலாம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை பெயின்ட் உப்புப் பூத்து உதிர்ந்திருந்தால் சோதனையே வேண்டாம். அது அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரம், மேலே புது பெயின்ட் அடித்து மறைத்தால் ஒரு மாதத்துக்குள் மறுபடி பூக்கும். கண்காட்சிக்காக இடம் கொடுப்பவர் ஆசையாகப் புது வெள்ளை அடித்துத் தருவதும் ஒரு தொல்லைதான். அடித்து ஒரு வாரமாவது காய விடாமல் படம் மாட்டினால் சட்டத்தின் பின்பக்கம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

பிறகு நீளம். ஒரு படத்துக்குச் சராசரியாக 60 செ.மீ. அகலம், இடைவெளி 40 செ.மீ.; ஆக ஒரு படம் ஒரு மீட்டர். ஐந்துக்கு நான்கு மீட்டர் அறையின் சுற்றளவு 18 மீட்டர். கதவு, இரண்டு ஜன்னல், நகர்த்த முடியாத பீரோ, சுவிட்ச் போர்டு எல்லாம் கழித்தால் 12 மீட்டர். ஆகவே 12 படம். அமைப்பாளர்கள் இதே அறையில் 30 படம் என்று கலைஞர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, கடைசி இரவில் மூன்று வரிசையாக மாட்டுவார்கள். மேல் வரிசையைப் பார்க்கக் கழுத்து வலிக்கும், கீழ் வரிசையில் குழந்தைகள் கை வைப்பார்கள், நடு வரிசைக்காரர் மட்டும் சிரிப்பார். பன்னிரண்டு இடத்தில் மூன்று பெரியவை, ஒவ்வொன்றிலும் 25 படம். மற்ற ஒன்பதில் எட்டிலிருந்து பத்து. மொத்தம் 147 முதல் 165 வரை. ஐம்பது கலைஞர்களுக்கு ஆளுக்கு மூன்று என்று சரியாக அமையும். தேர்வில் விடுபட்டவர்கள் மனக்குறையைத் தீர்க்க ஒரே ஒரு இடத்தில் திறந்த சுவர் வைக்கலாம். அளவு இரண்டடிக்குள், ஆளுக்கு ஒன்று, தேர்வே இல்லை. இப்படி ஒரு வடிகால் இருந்தால்தான் மற்ற இடங்களில் கறாராகத் தேர்ந்தெடுக்க முடியும். எல்லோரையும் திருப்திப்படுத்தப் போய் எல்லா இடத்திலும் சுமாரான படங்களை நிரப்புவது உள்ளூர் விழாக்களின் பழைய வியாதி.

சட்டத்துக்குள் என்ன இருக்கிறது

கடற்கரை மாவட்டத்தில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலே இருப்பது சாதாரணம். ஏறக்குறைய 65, 70ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். ஓவியத்துக்கு 45 முதல் 60 வரைதான் நல்லது. துணிக்கடையிலோ ஓட்டலிலோ ஏசி இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். பகலில் ஓடி இரவில் அணையும் ஏசி, நிலையான ஈரத்தைவிடக் கெடுதல். காகிதமும் கேன்வாஸும் தினமும் சுருங்கி விரியும்.

நீர்வண்ணப் படம் நெளிவதற்கு ஈரம் பாதிக் காரணம், சட்டம் போட்டவர் மீதிக் காரணம். பிரேம் கடையில் படத்தின் நான்கு ஓரத்தையும் பழுப்பு டேப்பால் அட்டையில் ஒட்டிவிடுவார்கள். காகிதம் விரிய இடமில்லாமல் நடுவில் புடைக்கும். மேல் ஓரத்தில் மட்டும், இரண்டு இடத்தில், கோதுமை ஸ்டார்ச் பசையில் மெல்லிய காகிதக் கீலாக ஒட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். பின்பக்கம் ஹார்ட்போர்டு வேண்டாம். அதன் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். சன்பேக் ஷீட் (உள்ளே குழல் விட்ட பிளாஸ்டிக் அட்டை) மலிவு, ஈரம் புகாது. கண்ணாடி படத்தைத் தொடாதபடி, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையின் கனம் இடையில் இருக்க வேண்டும். தொட்டால் ஈரத்தில் நிறம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது.

கண்ணாடியா அக்ரிலிக்கா என்பது எடைக் கணக்கு. கண்ணாடி மி.மீ.க்கு ஒரு சதுர மீட்டர் 2.5 கிலோ. மூன்றடிக்கு இரண்டடிப் படத்துக்கு (90 × 60 செ.மீ.) 4 மி.மீ. கண்ணாடி போட்டால் அதுவே 5.4 கிலோ, 2 மி.மீ. என்றால் 2.7, 3 மி.மீ. அக்ரிலிக் 1.9 கிலோ. வெட்டுக்கல் சுவருக்கும் டெம்போ பயணத்துக்கும் அக்ரிலிக்தான் மேல். ஒரே விதிவிலக்கு கரி, பேஸ்டல் படங்கள். அக்ரிலிக்கைத் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, காகிதத்திலிருந்து பொடியை இழுத்துத் தன் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்குக் கண்ணாடிதான்.

சட்டத்தின் பின்பக்கம் கீழ் மூலைகள் இரண்டிலும் 5 மி.மீ. ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று ஓடும். இந்த இடைவெளியில் பல்லி குடியேறும் என்பது மறுபக்கம். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லி படத்தின் பின்னால் தங்கி முன்பக்கம் எச்சமிடும். ஈரத்துணியால் துடைத்தால் வெள்ளைக் கறை வண்ணத்துக்குள் இறங்கிவிடும். நன்றாகக் காயவிட்டு, அட்டையின் ஓரத்தால் மெல்லத் தட்டி எடுத்து, மிச்சத்தை உலர்ந்த தூரிகையால் தள்ளுங்கள். இரவு பூட்டும்போது படத்துக்கு மேல் எரியும் விளக்குகளை அணைத்து, தூரத்தில் ஒரு பல்பை மட்டும் எரியவிட்டால் பல்லிகள் அங்கே போய்விடும்.

டீக்கடையில் அசல் படம் வைக்கவே கூடாது. பாய்லர் ஆவியும் வடைச்சட்டி எண்ணெயும் சேர்ந்து ஒரு மாதத்தில் கேன்வாஸ் மேல் பிசுக்குப் படலம் படியும், அதை எடுக்க ஓவியப் பராமரிப்பாளர் வேண்டும். நல்ல அச்சுப் பிரதியை லேமினேட் செய்து வையுங்கள், அசல் எந்த இடத்தில் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். டீக்கடையின் பலம் கூட்டம். அதை வழிகாட்டிப் பலகையாகப் பயன்படுத்தினால் போதும். சாம்பிராணியும் ஊதுபத்தியும் தினமும் ஏற்றும் கடைகளுக்கும் இதே கதிதான்.

மாட்டும் நாள்

படத்தின் மேல்விளிம்பை வரிசைப்படுத்துவது பழைய பழக்கம். அளவு வேறுபட்ட படங்களுக்கு நடுப்புள்ளியை வரிசைப்படுத்துவதே சரி. தரையிலிருந்து நடுப்புள்ளி 148 செ.மீ. ஆணி எங்கே என்பதற்குக் கணக்கு: 148 உடன் படத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழிக்க வேண்டும். 90 செ.மீ. உயரப் படம், கம்பி 12 செ.மீ. கீழே என்றால் 148 + 45 − 12 = 181 செ.மீ. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கொக்கி போடுங்கள். ஒற்றைக் கொக்கியில் தொங்கும் படம் பேருந்து போகும் அதிர்வுக்கே சாயும், கோர்ட் ரோட்டில் கடை வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. தரை மட்டமில்லாத பழைய கட்டடத்தில் தரையிலிருந்து அளக்காதீர்கள். ரசமட்டம் வைத்துச் சுண்ணாம்புக் கயிற்றால் ஒரு கோடு அடித்து, அதிலிருந்து அளந்துகொள்ளுங்கள்.

விளக்கு. எண்ணெய், அக்ரிலிக் வண்ணப் படங்களுக்கு 200 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) வரை பாதகமில்லை. நீர்வண்ணம், அச்சு, லேஸ், துணி ஆகியவற்றுக்கு 50 லக்ஸ்தான். அது கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், எனவே அந்த அறை முழுவதையும் மங்கலாக வைத்தால் கண் பழகிவிடும். ஜன்னல் வழியே நேராக விழும் வெயில் பல்லாயிரம் லக்ஸ்; மேற்குச் சுவரில் ஜன்னல் உள்ள அறையில் எதிர்ச்சுவரைக் காலியாக விடுவதே மேல். கடைகளில் இருக்கும் 6500 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை) எல்இடியில் சிவப்பும் மஞ்சளும் செத்துப்போகும். பத்மநாபபுரம் அரண்மனை மேல்மாடத்துச் சுவரோவியங்களின் மரபில் மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை என்ற ஐந்து நிறத்தில் வரைபவர்களின் வேலைக்கு இது பெரிய அநியாயம். 3000 கெல்வின் (இளமஞ்சள் வெளிச்சம்), நிறம் காட்டும் திறன் (CRI) 90க்கு மேல் உள்ள ஸ்பாட் விளக்கு, செங்குத்திலிருந்து 30 பாகைச் சாய்வில். அதைவிட நேராகக் கீழ்நோக்கினால் சட்டத்தின் நிழல் படத்தில் விழும், அதிகம் சாய்த்தால் கண்ணாடியில் பிரதிபலிக்கும்.

விவரச்சீட்டில் பெயர், தலைப்பு, ஊடகம், உயரம் × அகலம், ஆண்டு, விலை. தமிழும் மலையாளமும் போதும், எழுத்து 20 புள்ளிக்குக் குறையக் கூடாது. இருபக்க டேப் சுண்ணாம்புச் சுவரில் நிற்காது, பவுடரோடு உரிந்து வரும். சீட்டைக் கெட்டி அட்டையில் ஒட்டி, குண்டூசியால் அல்லது சட்டத்தின் கீழேயே ஒரு நூலில் தொங்கவிடலாம்.

சாவி, ஆள், பணம்

பன்னிரண்டு இடம், தினமும் ஆறு மணி நேரம், முப்பது நாள். 2,160 மணி நேரக் காவல். நான்கு மணி நேர முறையாகப் பிரித்தால் 540 முறை. இருபது தன்னார்வலர் இருந்தால் ஆளுக்கு 27 முறை, அதாவது ஏறக்குறைய தினமும். யாரும் வரமாட்டார்கள், இரண்டாவது வாரம் பாதி இடங்களில் பூட்டுத் தொங்கும், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் வந்தவர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்கும் போகமாட்டார். மூன்று பெரிய இடங்களுக்கு மட்டும் ஆள் போட்டால் 135 முறை, ஆளுக்கு ஏழு. மற்ற ஒன்பதும் வேறு வேலைக்காக எப்படியும் திறந்திருக்கும் இடங்களாக இருக்க வேண்டும்: கடை, ஓட்டல், நூலகம். அழகான ஆனால் யாராவது வந்து திறக்க வேண்டிய மண்டபத்தைவிட, சுமாரான ஆனால் திறந்தே கிடக்கும் இடம் மேல். ஒவ்வொரு இடத்திலும் சாவி யாரிடம், இரண்டாவது சாவி யாரிடம், ஞாயிறு உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

பதினைந்தாம் நாள் வாக்கில் கூட்டம் வற்றும். கலைஞர்கள் நேரில் செய்துகாட்டும் செயல்முறைக் காட்சிகளை அந்த வாரத்துக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். கல்செதுக்கல் திறந்தவெளியில்தான், தூசி படங்களுக்கு ஆகாது.

விற்பனையில் பெரும் குழப்பம் கியூஆர் அட்டையால் வருகிறது. படம் இருக்கும் கடையின் கணக்கில் பணம் விழுந்தால் அது துணி விற்ற பணத்தோடு கலந்துவிடும். நேரே ஓவியர் கணக்கில் விழுந்தால் விற்பனையில் அமைப்பாளருக்கான 20 சதவீதப் பங்கைப் பின்னால் கேட்டு வாங்குவது சங்கடம். அமைப்பின் பெயரில் ஒரே கணக்கு, பன்னிரண்டு இடத்திலும் அதே கியூஆர், வாரம் ஒருமுறை ஓவியருக்குப் பட்டுவாடா. விற்ற படத்தில் சிவப்புப் பொட்டு, ஆனால் மாதம் முடியும்வரை இறக்கக் கூடாது. வாங்கியவர் துபாய்க்குத் திரும்புகிறார் என்றால் அந்த இடத்துக்கு அதே ஓவியரின் இன்னொரு படம் தயாராக இருக்க வேண்டும்.

எல்லை தாண்டி வரும் படங்களுக்குக் காகிதம் வேண்டும். பழைய வணிகவரிச் சோதனைச் சாவடிகள் 2017இல் ஜிஎஸ்டி வந்தபின் போய்விட்டன, ஆனால் வழியில் வண்டியை நிறுத்திக் கேட்கலாம். கண்காட்சிக்குக் கொண்டுபோகும் பொருள் விற்பனை அல்ல என்பதைக் காட்ட டெலிவரி சலான் மூன்று பிரதி. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டி மாநிலம் கடந்தால் இ-வே பில் (சரக்குப் போக்குவரத்துக்கான மின் ஆவணம்) விஷயத்தை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள். ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குக் கீழே இருந்தால் ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்ற சலுகை மாநிலத்துக்குள் விற்பவருக்குத்தான். பாறசாலைக்காரர் நாகர்கோவிலில் விற்பது வேறு கணக்கு.

இன்னொன்று. வீட்டில் இருக்கும் பழைய தஞ்சாவூர்ப் படம், பாட்டன் காலத்து வெண்கல விளக்கு என்று யாராவது கொண்டுவந்து ‘இதையும் வையுங்கள்’ என்பார்கள். நூறு ஆண்டைத் தாண்டிய ஓவியமும் சிற்பமும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், பதிவு இருக்க வேண்டும். அன்பாக மறுத்துவிடுங்கள். மயிலாடிப் புதுச் சிலைக்கும் செய்தவரின் ரசீதைப் பக்கத்திலேயே வைத்திருப்பது நல்லது.

படம் உள்ளே வரும்போது முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள் என ஆறு புகைப்படம்; இடம் கொடுப்பவரும் ஓவியரும் கையெழுத்து. இறக்கும் நாளிலும் அதே ஆறு. கீறல் யாருடையது என்ற தகராறு பத்து நிமிடத்தில் முடியும். ஆணித் துளைகளைச் சுண்ணாம்புச் சுவரில் சிமென்டால் அடைக்காதீர்கள். அது சுண்ணாம்போடு சேராமல் வில்லையாகத் துருத்திக்கொண்டு பின்னால் விழும். சலித்த மணலும் சுண்ணாம்பும் கலந்து, துளையை நனைத்துவிட்டு, இரண்டு தடவையாக அடைத்து, காய்ந்தபின் வெள்ளை பூச வேண்டும். பன்னிரண்டு இடத்துக்கும் இதற்கு ஒரு கொத்தனாருக்கு மூன்று நாள் கூலி. இதைப் பட்ஜெட்டில் முதலிலேயே எழுதிவிடுங்கள். ஓவியர்களின் கடைசிப் பட்டுவாடாவும் விற்காத படங்களின் திருப்பமும் படம் இறக்கிய பதினைந்து நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும்.